பதானில் ஒரு நாள்: இந்து, பௌத்தக் கோயில்களை நண்பர்களோடு நடந்து பார்க்க

காத்மாண்டு போகிறவர்கள் பக்கத்து ஊரான பதானுக்குப் பெரும்பாலும் ஒரு மதியத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். டாக்சி தர்பார் சதுக்கத்தில் இறக்கிவிடும். கிருஷ்ணர் கோயில், அரண்மனை, நாலைந்து செல்ஃபி, ஒரு தட்டு மோமோ, அவ்வளவுதான்; இருட்டுவதற்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். சதுக்கம் அழகுதான். ஆனால் பதானின் உயிர் இருப்பது அதற்கு வெளியே, வீடுகளுக்கு நடுவே ஒளிந்துகிடக்கும் முற்றங்களில். அவை காலையில்தான் விழித்திருக்கும். அதனால் இங்கே சொல்லும் வழி தலைகீழானது: விடியற்காலையில் ஊரின் மேற்குப் பக்கத்திலிருந்து நுழைந்து, சந்துகள் வழியாக நடந்து, சதுக்கத்தை நடுவில் பார்த்து, தெற்கே லகன்கேலில் முடிக்க வேண்டும். மொத்த நடை மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். நேரம் மட்டும் ஒரு முழு நாள் ஆகும்.

பதானின் இன்றைய பெயர் லலித்பூர். ஊர்க்காரர்களான நேவார் மக்கள் தங்கள் மொழியில் யல என்பார்கள். பாக்மதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் காத்மாண்டு, இந்தப் பக்கம் பதான்.

கிளம்புமுன்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகிறவர்களிடம் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருக்க வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மதிப்பு, பேரம் கிடையாது. இந்திய நூறு ரூபாய்த் தாளைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஆனாலும் காலையில் கையில் நேபாளப் பணம் சில்லறையாக இருக்கட்டும். ஐந்து, பத்து, இருபது தாள்கள்தான் கோயில்களில் தேவைப்படும். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள்.

எந்த மாதம் என்று கேட்டால் அக்டோபர், நவம்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. முற்றங்களில் பாவிய கல்லும் செங்கல்லும் பாசி பிடித்து வழுக்கும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் குளிர் எலும்பைத் துளைக்கும். காலணியைக் கழற்றிவிட்டுக் கல்லில் நிற்க வேண்டியிருப்பதால் கனமான காலுறை ஒரு ஜோடி கூடுதலாக வேண்டும். வார விடுமுறை சனிக்கிழமை. கோயில்களில் அன்று கூட்டம் அதிகம். பூஜை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது வசதி, நிதானமாகச் சிற்பம் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

உடையில் ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: தோல். சில கோயில்களில் தோல் செருப்பு மட்டுமில்லை, தோல் பெல்ட், தோல் பர்ஸ், தோல் கைப்பட்டை எதுவும் உள்ளே போகக்கூடாது. துணிப் பையும், எளிதில் கழற்றி மாட்டும் ரப்பர் செருப்பும் போதும். கயிறு கட்டும் ஷூ போட்டுக்கொண்டு வருகிற நண்பர் ஒவ்வொரு வாசலிலும் எல்லோரையும் காக்க வைப்பார்.

ஆள் எண்ணிக்கை நான்கு சரியாக இருக்கும், ஆறு வரை தாங்கும். ஒரு டாக்சியில் நான்கு பேர்தான். அதைவிட முக்கியம், சில முற்றங்களின் நுழைவழி ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போகிற அளவுக்கே இருக்கும். பத்துப் பேர் ஒன்றாக நுழைந்தால் அங்கே துணி துவைத்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அது படையெடுப்பு. பெரிய குழுவாக வந்தால் இரண்டாகப் பிரிந்து, அரை மணி நேர இடைவெளியில் ஒரே வழியில் நடங்கள்.

பஹாலுக்குள் நுழைவது எப்படி

பஹால், அல்லது பஹா, என்பது பழைய பௌத்த விகாரை. நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், வாசலுக்கு நேர் எதிரே சன்னதி, முற்றத்தில் சைத்தியங்கள் எனப்படும் சின்னச் சின்ன ஸ்தூபிகள். ஒரு காலத்தில் பிக்குகள் இருந்தார்கள். பிறகு இங்குள்ள பௌத்தத்தில் துறவு மறைந்து, சாக்கியர், பஜ்ராச்சாரியர் என்ற இரண்டு குலத்தார் குடும்பஸ்தர்களாகவே இருந்து பூசையைத் தொடர்கிறார்கள். அதனால் பஹால் ஒரே சமயத்தில் கோயில், குடியிருப்பு, குழந்தைகள் விளையாடும் இடம், நெல் காய வைக்கும் களம்.

தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு கல் சிங்கங்கள், அவற்றுக்கு நடுவே தாழ்ந்த ஒரு நிலை, மேலே தோரணம் என்னும் செதுக்கிய பலகை: இதுதான் அடையாளம். கதவு திறந்திருந்தால் போகலாம். தலையைக் குனிந்து நுழையுங்கள்; நேவார் நிலைப்படிகள் உயரமானவர்களை மன்னிப்பதில்லை. உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, சைத்தியத்துக்கு வலம் வந்து, சன்னதிக்கு எதிரே நில்லுங்கள். வலம் வரும் திசை நம்மூரில் போலத்தான். சுவரில் மந்திரம் பொறித்த மணி உருளைகள் இருந்தால் அவற்றையும் வலமாகவே சுற்ற வேண்டும்.

தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு முன்னும் தரையில் ஒரு கல் பதித்திருப்பதைக் காண்பீர்கள். குங்குமமும் அரிசியும் ஒட்டியிருக்கும். பிக்கா லக்கு என்பார்கள். வீட்டைக் காக்கும் தெய்வம் அது. வீட்டுப் பெண்கள் தினமும் பூஜை செய்வது அதற்குத்தான். அதை மிதிக்காமல் நடப்பதுதான் பதானில் முதலில் பழக வேண்டிய மரியாதை. படம் எடுக்கும் அவசரத்தில் பின்னால் நகர்கிறவர்கள்தான் வழக்கமாக மிதிப்பது.

சன்னதி மூர்த்தியை நெருங்கி, கம்பிக்குள் கைபேசியை நீட்டிப் படமெடுக்காதீர்கள். எதற்கு இத்தனை இரும்புக் கம்பி என்று தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து ஏராளமான சிலைகள் திருடு போயின. இதே பதானில் பாட்கோ டோல் என்ற பகுதியிலிருந்து 1984-இல் களவாடப்பட்ட லட்சுமி நாராயணர் சிலை, அமெரிக்காவில் டாலஸ் நகர அருங்காட்சியகம் வரை போய், 2021-இல் தான் ஊர் திரும்பியது. மூர்த்தியையே உற்றுப் படமெடுக்கும் அந்நியரை அக்கம்பக்கத்தார் ஏன் முறைக்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். கேட்டுவிட்டு எடுத்தால் பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள். ‘போட்டோ கிச்ன ஹுன்ச?’ என்ற நேபாளி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நடை

முதல் கட்டம், காலை ஆறரை. பதான் டோகா என்று டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள். டோகா என்றால் வாசல். உள்ளே நுழைந்து கொஞ்சம் தெற்கே போனால் பிம்பஹால் குளம். கரையில் வெள்ளையடித்த ஸ்தூபி, எதிரே மூன்றடுக்குச் சண்டேஸ்வரி கோயில். பத்து நிமிடம் போதும். தேநீர்க் கடை இருந்தால் இங்கேயே குடித்துவிடுங்கள்.

இரண்டாவது, நாக்பஹால், இலாநனி. கிழக்கே சந்துக்குள் நடந்தால் அகன்ற முற்றம் ஒன்று திறக்கும். அங்கிருந்து அடுத்த முற்றம், அதிலிருந்து இன்னொன்று. கைபேசி வரைபடம் இங்கே தடுமாறும், ஏனென்றால் முற்றத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள வழி வீடுகளுக்கு அடியில் போகிறது. தட்டில் பூவும் அரிசியும் விளக்கும் ஏந்திப் போகிற பெண்கள் பின்னால் நடங்கள். ஏழு மணிக்கு அவர்களில் பலரும் போவது நீங்கள் போக வேண்டிய இடத்துக்குத்தான்.

மூன்றாவது, குவா பஹா. வெளியூர்க்காரர்கள் பொற்கோயில் என்பார்கள். ஏட்டுப் பெயர் ஹிரண்யவர்ண மகாவிகாரம். இதற்கு ஒரு மணி நேரம் முழுதாகக் கொடுங்கள். தனிக் கட்டணம் உண்டு, வாசலிலேயே வாங்குவார்கள். முற்றத்தைச் சுற்றிலும் உயர்ந்த நடைபாதை ஓடுகிறது. அதில் காலணியோடு சுற்றலாம். நடுவே தாழ்வாக உள்ள முற்றத்தில் இறங்குவதானால் காலணியும் தோல் பொருட்களும் வெளியே. புதியவர்கள் தடுமாறுவது இந்த ஒரு படியில்தான். காவலாளி கத்திய பிறகு பெல்ட்டைக் கழற்றுவதைவிட முன்பே பையில் போட்டுவிடுவது நல்லது.

முற்றத்தின் நடுவில் சிறு கோயிலுக்குள் சுயம்பு சைத்தியம். அதற்கு எதிரே பொன்முலாம் பூசிய செம்புத் தகடு போர்த்த பெரிய சன்னதி. கூரை உச்சியிலிருந்து உலோகப் பட்டை ஒன்று நாடா போலத் தொங்கும். தெய்வம் இறங்கி வருவதற்கான வழி அது என்பார்கள். இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் தவறவிடுவது முற்றத்து மூலைகளை: அங்கே குரங்குச் சிலைகள் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலாப்பழத்தை ஏந்தி நீட்டிக்கொண்டிருக்கும். பூசகர் ஒரு சிறுவன் என்பதும் இங்கே விசேஷம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பையன் ஒருவன் முப்பது நாள் சேவை செய்துவிட்டு அடுத்தவனிடம் பொறுப்பை ஒப்படைப்பான். அவனைத் தொடவோ, பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கவோ முயல வேண்டாம். மாடியில் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரருக்கு, எட்டுக் கை கொண்ட வெள்ளை வடிவில், ஒரு சன்னதி திபெத்தியப் பாணி ஓவியங்களோடு இருக்கிறது. படி செங்குத்து.

நான்காவது, கும்பேஸ்வரர். குவா பஹாவிலிருந்து வடக்கே ஐந்து, ஆறு நிமிட நடை. பள்ளத்தாக்கில் ஐந்தடுக்குக் கூரை கொண்ட கோயில்கள் மூன்றுதான், இது ஒன்று. சிவன் கோயில், வெளியே நந்தி. இத்தனை அடுக்கு இருக்கிறதே, மேலே ஏற முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, மேலடுக்குகளில் ஒன்றும் இல்லை, மூர்த்தி தரைத்தளத்தில்தான். குளத்து நீர் மலைமேல் உள்ள கோசாயின்குண்டத்திலிருந்து வருகிறது என்பது நம்பிக்கை. ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமியில் இங்கே பெரிய திருவிழா. அன்றைக்கு நிதானமாகப் பார்ப்பதை மறந்துவிடலாம். அதே வளாகத்தில் பகளாமுகி அம்மன். வியாழக்கிழமை என்றால் வரிசை வெளியே தெரு வரை நிற்கும். அந்த நாளில் வந்தால் கும்பேஸ்வரரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

காலை உணவு இங்கே. பாரா என்று கேளுங்கள். உளுந்தையோ பயறையோ அரைத்துத் தட்டையாகச் சுட்டது. நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். சைவர்கள் கவனம்: மேலே கறியோ முட்டையோ போட்டுத் தருவதும் உண்டு. ‘மாசு நஹால்னுஸ்’ என்றால் கறி போடாதீர்கள் என்று பொருள். கடைப் பலகையில் பஃப் என்று இருந்தால் அது எருமை. மோமோவில் சாதாரணமாக வருவது அதுதான்.

ஐந்தாவது, தர்பார் சதுக்கம். வடக்கிலிருந்து ஸ்வோத்தா வழியாக நுழையுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. சார்க் நாட்டவருக்கு அதைவிடக் குறைவான தனிக் கட்டணம். அடையாள அட்டை காட்டினால்தான் அந்தச் சலுகை. சீட்டைத் தூக்கிப்போட வேண்டாம், அரண்மனையில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் அதுவேதான். மறுநாளும் வர நினைத்தால் நாளை நீட்டித்துத் தர முடியுமா என்று கவுன்டரில் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முதலில் வருவது மங்க ஹிட்டி: தரைக்குக் கீழே படியிறங்கிப் போகும் பள்ளம், அடியில் மகர வாய்கள் மூன்று. பழைய லிச்சவி அரசர்கள் காலத்திலிருந்து ஊர் தண்ணீர் பிடித்த இடம். அடுத்து பீமசேனர் கோயில், வியாபாரிகளின் தெய்வம். மூர்த்தி தரைத்தளத்தில்தான் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு, இங்கே மாடியில். பிறகு கல் யானைகள் காக்கும் விஸ்வநாதர் கோயில், 1627-இல் கட்டியது.

கிருஷ்ணர் கோயிலை சித்தி நரசிங்க மல்லர் 1637-இல் கட்டினார். சுற்றிலும் பெரும்பாலும் செங்கல்லும் மரமும் இருக்க, இது கல்லாலான சிகரக் கோயில், இருபத்தொரு பொற்கலசங்கள். எதிரே தூண்மேல் கருடன். இதைச் சுற்றி வரும்போது கண்ணை மேலே நிறுத்துங்கள்: முதல் மாடி விட்டத்தில் மகாபாரதக் காட்சிகள் வரிசையாக ஓடும், அதற்கு மேல் மாடியில் ராமாயணம். எல்லாம் ஒரு சாண் உயரச் சிற்பங்கள். தொலைநோக்கி இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கதை அடையாளம் காணலாம். நண்பர்களோடு போவதன் பயன் இங்கே தெரியும்; ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டால் பதினைந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் பீஷ்மரைக் கண்டுபிடித்துவிடுவார். மேலே ஏற இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. குழுவில் வேறு மதத்தவர் இருந்தால் அவரை மறைத்து அழைத்துப் போக வேண்டாம். எல்லோருமாகக் கீழேயே நின்று பார்த்தாலும் சிற்பத்தில் பெரும்பகுதி தெரியும்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சதுக்கத்தின் சில கோயில்கள் தரைமட்டமாயின. ஹரிசங்கரர் கோயிலும் சார் நாராயணரும் அவற்றில் அடக்கம். விழுந்த மரத்தையும் கல்லையும் பொறுக்கி வைத்து, முடிந்தவரை அவற்றையே கோத்து மீண்டும் எழுப்பினார்கள். கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளைப் பாருங்கள்: கறுத்து, விளிம்பு மழுங்கியது பழசு; வெளிறி, கூர்மையாக நிற்பது புதுசு.

அருங்காட்சியகத்தை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம். பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைச் சொல்வோம். மெழுகு உருக்கிச் சிலை வார்க்கும் முறையை, மெழுகு வடிவம், அதன்மேல் களிமண் பூச்சு, வார்ப்பு, பட்டை தீட்டல் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். கை முத்திரைகளை எப்படிப் படிப்பது என்பதும் அங்கே விளங்கும். அதன் பிறகு பார்க்கும் ஒவ்வொரு சிலையும் வேறு மாதிரித் தெரியும். பக்கத்து முற்றங்களான மூல் சௌக்கில் கங்கையும் யமுனையும் முலாம் பூசிய ஆளுயர உருவங்கள். சுந்தரி சௌக்கில் துஷா ஹிட்டி என்ற அரச நீராடு தொட்டி.

இந்துவா பௌத்தமா

வழியெல்லாம் நண்பர்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில குறிப்புகள் உதவும். கருவறைக் கதவுக்கு மேலுள்ள தோரணத்தின் நடுவில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். உள்ளே இருப்பவரை அது சொல்லிவிடும். எதிரே கருடனோ நந்தியோ இருந்தால் சந்தேகமில்லை. சைத்தியமும், கல் மேடைமேல் கிடத்திய வஜ்ராயுதமும் இருந்தால் பௌத்தம்.

இதற்கு மேல் இந்தக் கேள்வி பதானில் ஓடாது. அருங்காட்சியகத்தின் பொன்வாசலை நிமிர்ந்து பாருங்கள். தோரணத்தில் சிவபார்வதி குடும்பம். அதற்கு மேலே பொன் ஜன்னலில் லோகேஸ்வரர், அதாவது பௌத்தர்களின் அவலோகிதேஸ்வரர், தன் உடலிலிருந்து இந்துத் தெய்வங்களையே பிறப்பிக்கும் வடிவில். அரசன் இந்து, அரண்மனை ஜன்னல் இப்படி. கிருஷ்ணர் கோயிலிலும் கீழே கிருஷ்ணர், அடுத்த தளத்தில் சிவன், மேல் தளத்தில் லோகேஸ்வரர். உயிருள்ள தெய்வமாக வணங்கப்படும் பதானின் குமாரி, ஹக்கா பஹாலைச் சேர்ந்த பஜ்ராச்சாரியக் குடும்பத்துப் பௌத்தச் சிறுமி. அவளிடம் ஆசி வாங்க இரு சமயத்தாரும் வருகிறார்கள். யாருடைய கோயில் என்று ஊர்க்காரரிடம் கேட்டால் இரண்டு பதிலும் கிடைக்கும், இரண்டும் சரியாகவே இருக்கும்.

பிற்பகல்

ஆறாவது, மகாபுத்தர் கோயில். சதுக்கத்தின் தென்கிழக்கே, பாத்திரக் கடைச் சந்துக்குள். புத்தகயா கோபுரத்தைப் பார்த்துச் சுடுமண்ணில் கட்டியது. செங்கல்லுக்குச் செங்கல் புத்தர் உருவம். 1934 நிலநடுக்கத்தில் விழுந்ததைத் திரும்பக் கட்டியபோது செங்கற்கள் மீந்துபோயின. அவற்றைக் கொண்டு பக்கத்திலேயே மாயாதேவிக்குச் சின்னக் கோயில் ஒன்று எழுப்பினார்கள். முற்றம் மிகக் குறுகல். கீழே நின்று எடுத்தால் முழுக் கோபுரமும் படத்தில் வராது. சுற்றியுள்ள கடைகளின் மொட்டை மாடிக்குப் போகக் கேட்டால் விடுவார்கள். இறங்கும்போது கடையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவது அங்கே எழுதப்படாத ஒப்பந்தம்.

அடுத்த முனையில் உக்கு பஹா. சிங்கம், யானை, மயில், கருடன் என்று வெண்கல மிருகங்கள் முற்றம் நிறைய நிற்கின்றன. நடுவே, ஒரு காலத்தில் நேபாளத்தை ஆண்ட ராணா குலத்தார் ஒருவரின் சிலையும் இருக்கிறது. ஏன் இங்கே என்று யோசிக்கலாம்.

ஏழாவது, மீனநாதரும் சிவப்பு மச்சேந்திரநாதரும். தெருவுக்கு இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். பெரியவர் மச்சேந்திரநாதர், பள்ளத்தாக்கின் மழைத் தெய்வம். பௌத்தர்களுக்குக் கருணாமயர், அதாவது அவலோகிதேஸ்வரர். இந்துக்களுக்கு நாத சித்தர் மத்ஸ்யேந்திரர். நம் சித்தர் வரிசையில் வரும் மச்சமுனியை இவரோடு சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. இங்கே புதியவர்களுக்கு ஏமாற்றம் ஒன்று காத்திருக்கலாம்: கருவறை காலியாக இருக்கும். மூர்த்தி ஆண்டில் பாதியைத் தெற்கேயுள்ள புங்கமதி கிராமத்தில் கழிக்கிறார். வைகாசியை ஒட்டித் தொடங்கும் தேரோட்டத்தின்போதோ தெருவில்தான் இருப்பார். ஏப்ரல், மே மாதத்தில் வருகிறவர்கள் கோயிலைவிட்டுத் தேரைத் தேட வேண்டும். மூங்கிலும் பிரம்பும் கட்டி எழுப்பிய அந்தத் தேர் அறுபதடி உயரம் போகும், ஆடும், சமயத்தில் சாயவும் செய்யும். வடத்துக்குப் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நில்லுங்கள்.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிடத்தில் லகன்கேல். பேருந்து நிலையத்தை ஒட்டிப் புல் மூடிய பெரிய மண் ஸ்தூபி. ஊரின் நான்கு திசையிலும் இப்படி நான்கு, அசோகர் கட்டியவை என்பது மரபு. பேருந்தோ டாக்சியோ இங்கே பிடிக்கலாம்.

குழு சிதறாமல் இருக்க

ஒருவர் பணம், ஒருவர் வழி, ஒருவர் நேரம் என்று காலையிலேயே பொறுப்பு பிரித்துவிடுங்கள். கோயில் கட்டணம், டாக்சி, தேநீர் எல்லாம் ஒரே பொதுப் பையிலிருந்து போகட்டும். ஒவ்வொரு வாசலிலும் ஆறு பேர் சில்லறை தேடினால் அரை மணி நேரம் அதிலேயே போகும். உள்ளூர் சிம் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். தொலைந்தால் கூடும் இடம் கருடன் தூண். எல்லா முற்றத்தையும் எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். கால் வலிக்கிறவர் சதுக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் ஊர் அவருக்கு முன்னால் நடந்துபோகும். ஒரு கதவு சாத்தியிருந்தால் தட்ட வேண்டாம். தீட்சை பெற்றவர்கள் மட்டுமே நுழையும் ஆகம அறைகள் பல பஹாலில் உண்டு.

கடைசியாகச் சிலை. உக்கு பஹா பக்கம் வார்ப்புப் பட்டறைகள் நிறைய. வாங்க இதைவிட நல்ல இடம் பள்ளத்தாக்கில் இல்லை. முகத்தைப் பாருங்கள், விரல் நுனியைப் பாருங்கள். இரண்டிலும் உளி வேலை தெளிவாக இருந்தால் விலை கூடுதல்தான், நியாயமானதும்கூட. நூறாண்டுக்கு மேற்பட்ட பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. புதுச் சிலையையே புகைபோட்டுப் பழசாக்கி விற்பதால், பார்வைக்குப் பழசாகத் தெரியும் எதற்கும் தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். கடைக்காரரே வாங்கித் தருவாரா, எத்தனை நாளாகும் என்பதைப் பணம் கொடுக்குமுன் பேசி, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளன்று சிலை வாங்கினால் இதற்கு நேரமிருக்காது.